கிராஃப்க்யூஎல் ஸ்கீமா: இன்ட் எங்கே உடைகிறது, தேதி எங்கே நழுவுகிறது

ஆப்கள் சர்வரிடம் வேண்டிய டேட்டாவைக் கேட்டு வாங்கும் குவெரி மொழி கிராஃப்க்யூஎல். அதில் கையோடு வரும் ஸ்கேலர்கள் (ஒற்றை மதிப்பைக் குறிக்கும் அடிப்படை டைப்கள்) ஐந்துதான்: இன்ட், ஃப்ளோட், ஸ்ட்ரிங், பூலியன், ஐடி. எந்த ஃபீல்டு எந்த டைப் என்று சொல்லும் ஸ்கீமாவை எழுதும்போது இவற்றில் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, ஃபீல்டின் மதிப்பைக் கொண்டுவந்து தரும் ரிசால்வர் ஃபங்ஷனின் வேலைக்குப் போய்விடத்தான் தோன்றும். ஆனால் ஏபிஐ வெளியே போனபின் ஒரு ஃபீல்டின் டைப்பை மாற்றினால், அதை நம்பி எழுதிய எல்லா ஆப்களும் கூடவே மாற வேண்டும். அப்டேட் செய்யாமல் கிடக்கும் போன்களில் பழைய ஆப் அப்படியே இருக்கும். ஆகவே இதற்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவிட்டாலும் வீணில்லை.

முதலில் இன்ட். ஸ்பெக்கின்படி இது 32 பிட், மைனஸும் உண்டு: -2147483648 முதல் 2147483647 வரை. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் இந்திய மொபைல் எண் 10 இலக்கம், 6, 7, 8, 9 ஒன்றில் தொடங்கும்; ஒன்றுகூட இதில் அடங்காது. 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் எபாக் நேரத்தை மில்லிசெகண்டில் வைத்தால் 25 நாளுக்குள் இடம் தீர்ந்துவிடும். பணத்தைப் பைசாவாக மாற்றி இன்ட்டில் வைப்பது நல்ல பழக்கம் என்று பலர் செய்கிறார்கள். அதன் உச்சவரம்பு 2,14,74,836 ரூபாய் 47 பைசா. ஒரு பில்லுக்கு இது தாராளம். ஆண்டு விற்பனையின் கூட்டுத்தொகையும் அதே டைப்பில் வந்தால் உடையும், அதுவும் டெஸ்ட் டேட்டாவில் தெரியாமல் புரொடக்‌ஷனில் உடையும்.

உடைவது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிராஃப்க்யூஎல்லின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான கிராஃப்க்யூஎல்-ஜேஎஸ் எண்ணை வெட்டிச் சுருக்காது, எரர் எறியும். அந்த ஃபீல்டு நல் (மதிப்பே இல்லாதது) ஆகும். ஸ்கீமாவில் ஃபீல்டின் டைப்புக்குப் பின் ‘நல் ஆகக் கூடாது’ என்ற பொருளில் ஆச்சரியக்குறி போட்டிருந்தால் அதன் மேலே உள்ள ஆப்ஜெக்ட் நல் ஆகும். அதற்கும் ஆச்சரியக்குறி இருந்தால் அதற்கும் மேலே. ஒரு கூட்டுத்தொகைக்காக ஸ்கிரீன் முழுக்கக் காலியாக வருவது இப்படித்தான்.

பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம். 0.1 + 0.2 அங்கே 0.30000000000000004. தசம எண்ணை ஸ்ட்ரிங்காகவே கொண்டுபோகும் ஒரு கஸ்டம் ஸ்கேலர் எழுதுவதே சரி. டேபிளின் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் 64 பிட் பிரைமரி கீகளுக்கு ஐடி டைப் இருக்கிறது. அது எப்போதும் ஸ்ட்ரிங்காகத்தான் வெளியே போகும். 9007199254740991ஐத் தாண்டிய முழு எண்களை ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் டைப் பிசகாமல் காட்டும் என்று நம்ப முடியாது. ட்விட்டர் 2010இல் புது வகை ஐடிகளுக்கு மாறியபோது, எண்ணோடு ஸ்ட்ரிங் வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தது இதனால்தான். நோடிலிருந்து (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் டிரைவரும் பிக்இன்ட் (64 பிட் முழு எண்) நெடுவரிசையை ஸ்ட்ரிங்காகவே தருகிறது. அதை எடுத்து நம்பராக மாற்றி, கிடைத்த பாதுகாப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: உள்ளே வரும்போது உள்ள கண்டிப்பு வெளியே போகும்போது இல்லை. ரிசால்வர் 600001 என்ற எண்ணைக் கொடுத்தால் ஸ்ட்ரிங் ஃபீல்டு அதை ஸ்ட்ரிங்காக்கி அனுப்பிவிடும். அதே எண்ணை வேரியபிளாக உள்ளே அனுப்பினால் ஸ்ட்ரிங் ஏற்காது. பூலியனுக்கு 1 அனுப்பினாலும், மேற்கோளுக்குள் ட்ரூ என்று எழுதி அனுப்பினாலும் நிராகரிக்கும். ஐடி மட்டும் ஸ்ட்ரிங், முழு எண் இரண்டையும் ஏற்கும்.

கஸ்டம் ஸ்கேலருக்கு மூன்று ஃபங்ஷன்கள். சீரியலைஸ் வெளியே அனுப்புவதற்கு. பார்ஸ்வேல்யூ வேரியபிளில் வருவதற்கு. பார்ஸ்லிட்டரல் குவெரிக்குள்ளேயே எழுதியதற்கு. சோதனையை பார்ஸ்வேல்யூவில் மட்டும் எழுதிவிட்டு பார்ஸ்லிட்டரலில் வந்த மதிப்பை அப்படியே திருப்பித் தருவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆப் வேரியபிளைத்தான் அனுப்புகிறது என்பதால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். குவெரிக்குள் நேரே எழுதி அனுப்புபவருக்கு மட்டும் கதவு திறந்தே கிடக்கும். இன்னொன்று, லிட்டரலில் 25 என்று எழுதினாலும் பார்சர் அதை ஸ்ட்ரிங்காகத்தான் கையில் கொடுக்கும். எண்ணாக மாற்றுவது நம் வேலை. தனியாக எழுதாமல் விட்டால் பார்ஸ்லிட்டரல் தானே பார்ஸ்வேல்யூவை அழைக்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

தேதியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2023-02-31 என்று ஒருவர் அனுப்புகிறார். நோடில் அதை டேட் ஆப்ஜெக்ட்டாக்கினால் எரர் வராது; மார்ச் 3 வரும். அதனால் நான்கு, இரண்டு, இரண்டு இலக்கம் என்ற வடிவத்தைச் சரிபார்த்த பின், உருவான டேட்டை மறுபடி ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக்கி முதல் 10 எழுத்தும் வந்த ஸ்ட்ரிங்கும் ஒன்றா என்று பாருங்கள். பிப்ரவரி 31 அங்கே மாட்டிக்கொள்ளும்.

வெளியே போகும் வழியில் வேறு சிக்கல். போஸ்ட்கிரெஸில் தேதி மட்டும் உள்ள நெடுவரிசையை டிரைவர், சர்வரின் நேர மண்டலத்து நள்ளிரவாக மாற்றித் தருகிறது. இந்திய நேரத்தில் ஓடும் சர்வரில் ஜூன் 1 நள்ளிரவு, யுடிசியில் மே 31 மாலை 18:30. அதை ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக்கி முதல் 10 எழுத்தை எடுத்தால் பிறந்தநாள் ஒரு நாள் முன்னே போய்விடும். யுடிசியில் ஓடும் கிளவுட் சர்வரில் இது தெரியாது, உங்கள் லேப்டாப்பில் தெரியும். டிரைவரில் 1082 என்ற டைப் எண்ணுக்கு (போஸ்ட்கிரெஸின் தேதி டைப்) வந்த ஸ்ட்ரிங்கை அப்படியே விடச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிறந்த தேதிக்கு நேர மண்டலமே கிடையாது. தேதிக்கு ஒரு ஸ்கேலர், நேரத்தோடு கூடிய தேதிக்கு வேறு ஸ்கேலர் என்று பிரித்துவிடுங்கள்.

பெயர் என்று ஒரு ஸ்கேலர் எழுதினால் தமிழை நினைவில் வையுங்கள். எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் ரெஜெக்ஸில் யூனிகோட் லெட்டர் வகையை மட்டும் அனுமதித்தால் முருகன் நிராகரிக்கப்படுவார், ஏனெனில் உகரக் குறியும் புள்ளியும் மார்க் வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். நீளமும் அப்படியே: ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 7. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸுக்கு இரண்டு வேறு பெயர்கள். உள்ளே வரும்போதே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்கேலர் வடிவத்தை மட்டும் பார்க்கட்டும். இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவானதா, இந்தத் தேதி விடுமுறையா என்பதெல்லாம் ரிசால்வரின் வேலை. ஸ்கேலர் ஃபங்ஷன்களுக்குள் டேட்டாபேஸுக்குப் போய்க் காத்திருக்கவும் முடியாது. சீரியலைஸில் புதிதாகக் கடுமையான விதி போடும் முன், டேபிளில் உள்ள பழைய வரிகளை அந்த விதியில் ஓட்டிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு தவறான மொபைல் எண், மேலே சொன்ன ஆச்சரியக்குறி வழியாக வாடிக்கையாளர் பட்டியலையே நல் ஆக்கிவிடும்.

எரர் செய்தியையும் படித்துப் பாருங்கள். வேரியபிள் நிராகரிக்கப்படும்போது, வந்த மதிப்பையும் லைப்ரரி அந்தச் செய்தியில் சேர்த்துவிடுகிறது. 11 இலக்கமாகத் தவறி அடித்த ஆதார் எண் அப்படியே லாக் ஃபைலில் போய் உட்காரும். ஆதார், கடவுச்சொல், கார்டு எண் உள்ள இன்புட்களுக்கு, எரர் ஃபார்மேட் செய்யும் இடத்திலேயே அந்த மதிப்பை மறைத்துவிடுங்கள்.