படகைப் பரிசோதிக்கக் கற்றுக்கொண்டேன்

அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு ‘ஆக்ஸிலரி’ என்றொரு துணைப் படை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1939-இல் தொடங்கியது. எல்லோரும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, சீருடை உண்டு. யாருக்கும் அபராதம் போடும் அதிகாரம் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை இருந்து 17 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். சொந்தப் படகு இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் இருப்பது மேரிலாந்தில், செசபீக் விரிகுடா பக்கம். கோடை வந்தால் நம் ஆட்களும் குடும்பத்தோடு படகை வாடகைக்கு எடுத்துக் கிளம்பிவிடுவார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால், குடியுரிமை வந்த கையோடு விண்ணப்பித்தேன்.

சேருவதற்கு அருகிலுள்ள ஃப்ளோடில்லாவின், அதாவது துணைப் படையின் உள்ளூர்க் கிளையின், கூட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே படிவம், புதிய உறுப்பினர் தேர்வு, கைரேகை, பின்னணி விசாரணை என்று வரிசையாக வரும். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமை வேண்டும். இணையத்தில் சில கட்டாயப் பாடங்களும் உண்டு. உட்கார்ந்து முடித்துவிட வேண்டியதுதான்.

நான் முதலில் எடுத்தது படகுப் பரிசோதகர் தகுதி. எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, அனுபவமுள்ள பரிசோதகர் ஒருவர் பக்கத்தில் நிற்க 5 படகுகளைச் சோதித்துக் காட்ட வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். படகுத்துறையில் முதல் படகை நெருங்கும் முன் அவர் சொன்னது இதுதான்: “நாம் போலீஸ் இல்லை என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடு.” சோதனை இலவசம். தேறினால் அந்த ஆண்டுக்கான ஸ்டிக்கர் ஒட்டுவோம். தேறாவிட்டால் குறைகளை எழுதி உரிமையாளரிடமே கொடுத்துவிடுவோம், வேறு யாருக்கும் போகாது. இதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விடும். அப்புறம் அவர்களே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டுவார்கள்.

ஒரு படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கணக்காக இருந்தது. ஆனால் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கைக்கு அடியில் கிடந்தது. சட்டப்படி அது சட்டென்று கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஆசிரியர் அந்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, உறையைப் பிரித்து மாட்டச் சொன்னார். தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது, பெரியவர்கள் அளவு. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் திறந்த படகு ஓடும்போது அதைப் போட்டே இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அந்த அப்பா அன்றே போய்ச் சின்ன அளவில் வாங்கி வந்தார்.

கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதனால்தான் தீயணைப்பான், ஒளிச்சமிக்ஞை, விளக்கு என்று பட்டியல் நீண்டாலும் நான் ஜாக்கெட்டில்தான் அதிக நேரம் நிற்கிறேன். தீயணைப்பானிலும் ஒன்று கவனியுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் வகை என்றால் அதில் பொறித்த தயாரிப்புத் தேதியிலிருந்து 12 ஆண்டுதான். முள் பச்சையில் நின்றாலும் பிறகு செல்லாது.

அடுத்தது படகுக் குழு உறுப்பினர் தகுதி. இது வேறு மாதிரி உழைப்பு. முடிச்சு போடுவது, கயிறு வீசுவது, பழுதான படகை இழுத்து வருவது என்று ஒவ்வொரு வேலையாகச் செய்துகாட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு தகுதித் தேர்வாளர் வந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்பார்.

இதில் என்னை உலுக்கியது ஆள் தண்ணீரில் விழுந்தால் மீட்கும் பயிற்சி. விழுந்ததைப் பார்த்தவர் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும், மிதவையை எறிய வேண்டும். அதோடு ஒருவர் விழுந்தவரைக் கையால் சுட்டிக்காட்டியபடியே நிற்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஏன் என்று கடலில்தான் புரிந்தது. சின்ன அலைதான், ஆனால் பயிற்சிக்காக ஆளுக்குப் பதில் தண்ணீரில் போட்ட பொம்மையின் தலை தேங்காய் மாதிரி ஒரு கணம் தெரிந்து மறுகணம் மறைந்தது. படகு திரும்பியதும் எனக்குத் திசையே குழம்பிவிட்டது. சுட்டிக்கொண்டிருந்தவரின் விரலைப் பார்த்துத்தான் ஓட்டுநர் படகைக் கொண்டுபோனார்.

இப்போது காக்ஸ்வைன் தகுதிக்குப் படிக்கிறேன், அதாவது படகுக்குப் பொறுப்பேற்று நடத்துபவர். அதற்கு நீர்வழி விதிகளில் தனித் தேர்வு உண்டு. சேர நினைப்பவர்கள் பரிசோதகர் தகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சனிக்கிழமை காலை படகுத்துறையில் நின்றாலே வேலை இருக்கும், தமிழ்க் குடும்பங்கள் வந்தால் தமிழிலேயே விளக்கலாம்.