குளியலறைச் சுவர்: டைல்ஸுக்கு முந்தைய நாட்கள்

பிப்ரவரி 2, திங்கள்

கீழ்வீட்டுப் பையனுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்குகிறது. அவன் பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் சுத்தியலைத் தொடுவது என்று பேச்சு. பத்து மணிக்கு உடைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் முழுக்க இழுக்கும் என்று நினைத்தேன். உளியை ஓரத்தில் நுழைத்ததும் டைல்ஸ் முழுசு முழுசாகக் கையோடு வந்தது.

"வடை தட்டி ஒட்டியிருக்காங்க சார்" என்று மேஸ்திரி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். நடுவில் மட்டும் ஒரு உருண்டை சிமென்ட், நாலு மூலையும் காலி. அந்தக் காலி இடமெல்லாம் கறுப்பாக ஈரம். கீழ்வீட்டு அக்கா கூரையில் காட்டிய ஈரத் திட்டுக்கு இத்தனை நாளாக மழைநீர்க் குழாயைக் காரணம் சொல்லிவந்தேன். இனிமேல் சொல்ல முடியாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய பூச்சைத் தட்டினால் டொக் டொக் என்று காலிச் சத்தம். செங்கல் வரை கொத்தி எடுத்தாயிற்று. பிளம்பர் பழைய ஜிஐ குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை வெட்டினார். முக்கால் இஞ்ச் குழாய். போர் தண்ணீர் உப்பு படிந்து படிந்து பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். ஷவர் நூலாக ஒழுகியதற்கு டேங்க் உயரத்தைக் குறை சொன்னதும் வீண்தான். இனி சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் குழாய்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று முழுக்க ஒரே ஒரு அளவைப் பற்றித்தான் பேச்சு. டைவர்ட்டர் என்பது சுவருக்குள் புதைத்து, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடுகிற வால்வு. புது டைவர்ட்டரின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதில் இரண்டு கோடு. டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வரவேண்டும். டைவர்ட்டர் ஆழமாகப் போய்விட்டால் கைப்பிடிக்குத் தண்டு எட்டாது; வெளியே நீட்டினால் வட்டத் தகடு சுவரில் உட்காராது.

பூச்சு 12 மி.மீ., வாட்டர்புரூஃப் 2, டைல்ஸ் ஒட்டும் பேஸ்ட் 4, டைல்ஸ் 9, ஆக 27 என்று கணக்குப் போட்டுப் பொருத்திவிட்டுப் பிளம்பர் பையை எடுத்துக்கொண்டார். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். ஏழு அடி உயரத்தில் சுவர் கீழே 16 மி.மீ. உள்வாங்கியிருக்கிறது! மேலே 12 பூசினால் அடியில் 28 பூச வேண்டும். டைவர்ட்டர் இருக்கிற நடு உயரத்தில் 20. மொத்தம் 35.

பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி, 8 மி.மீ. வெளியே இழுத்து வைத்தார். இதை டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

குழாயின் எல்லா வாய்க்கும் டம்மி மூடி போட்டு, பம்பில் 10 கிலோ அழுத்தம் ஏற்றினார்கள். இரவு மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்து முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூச்சு நேற்று ஒரு கை, இன்று ஒரு கை. 28 மி.மீ. கனத்தை ஒரேயடியாக அப்பினால் சரிந்துவிடுமாம். குழாய் போன காடியின் மேல் கோழிவலை அடித்த பிறகே பூச்சு. உடைந்த டைல்ஸ் துண்டுகளை அங்கங்கே ஒட்டி மட்டம் குறித்து, மட்டப்பலகையால் இழுத்ததோடு விட்டுவிட்டார். கரணையால் மழமழவென்று தேய்க்கவில்லை. தேய்த்தால் பேஸ்ட் பிடிக்காதாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒரு வாரமாகக் காலை, மாலை சுவருக்குத் தண்ணீர் அடித்தது நான்தான். குளியல் மட்டும் பக்கத்துத் தெருவில் தங்கை வீட்டில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவை வைத்துக் கட்டைவிரலால் வளைவாக இழுத்திருந்தார்கள். அதன் மேல் வாட்டர்புரூஃப்: நேற்று பிரஷ்ஷால் மேலும் கீழுமாக, இன்று குறுக்காக. ஷவர் பக்கம் ஏழு அடி வரைக்கும், மற்ற சுவர்களில் ஒரு அடிதான்.

பிப்ரவரி 19, வியாழன்

டைவர்ட்டர் பக்கத்தில் ஒரு டைல்ஸைப் பேஸ்ட் கனத்துக்குச் சில்லு கொடுத்து, ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தார் மேஸ்திரி. இரண்டு கோட்டுக்கும் நடுவில். பிளம்பருக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

நாளை வெள்ளி, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முதல் டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும் என்கிறாள் அம்மா. ஒட்டுகிற வேலையில் சத்தம் இல்லை. ஒன்பதுக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.