தலை அடங்கிய தலம்: யுன்யாங்கில் ஜாங் ஃபே தரிசனம்

சீனாவின் சோங்சிங் மாநகர எல்லைக்குள் யாங்சி ஆறு பாய்ந்து செல்லும் யுன்யாங் மாவட்டத்தில், தென்கரை மலைச்சரிவில், சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த காலத்து மாவீரர் ஜாங் ஃபேயின் கோயில் ஆற்றைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. நீர்வழியே வருபவர்களுக்காகவே எழுதியதுபோல் அதன் மதிலில் நான்கு பெரிய சீன எழுத்துகள் விளங்குகின்றன: 'ஆற்றின் மேல் தூய காற்று'. போர்க்களத்தில் புகழ்பெற்றவரின் வாசலில் காற்றைப் பற்றிய வாசகம் ஏன் என்பதற்கு இக்கோயிலின் தலபுராணமே விடை சொல்கிறது.

கி.பி. 208இல் சாங்பான் பாலத்தருகே இருபதே குதிரை வீரர்களுடன் நின்று, பகைவரான சாவ் சாவின் படை தம் தலைவர் லியூ பெய்யைத் துரத்தி வராதபடி தடுத்தவர் ஜாங் ஃபே. 221இல், வூ நாட்டாரால் கொல்லப்பட்ட தோழர் குவான் யூவுக்காகப் பழிதீர்க்க லியூ பெய் படை திரட்டியபோது, ஜாங் ஃபேயும் தாம் இருந்த லாங்சோங் நகரிலிருந்து புறப்பட ஆயத்தமானார். அங்கே அவருக்குக் கீழிருந்த இருவரே அவரைக் கொன்று, தலையை எடுத்துக்கொண்டு எதிரி நாடான வூவுக்குத் தப்பிச் சென்றனர். வரலாறு சொல்வது இவ்வளவுதான். வழியில் இரு நாடுகளும் சமாதானம் பேசுவதாகக் கேள்விப்பட்டு அவர்கள் தலையை ஆற்றில் வீசிவிட்டார்கள் என்றும், அது மீனவர் ஒருவரின் கைக்கு வந்தது என்றும், தம்மைப் பகைவர் நாட்டுக்குப் போகவிடாமல் காக்கும்படி ஜாங் ஃபே அவர் கனவில் வேண்டினார் என்றும், அவரும் அத்தலையை ஃபெய்ஃபெங் மலையடியில் அடக்கம் செய்தார் என்றும் யுன்யாங் மக்கள் சொல்கிறார்கள். உடல் லாங்சோங்கில், தலை யுன்யாங்கில் என்பது இங்கு எல்லோரும் அறிந்த வழக்கு.

கருவறையில் உருண்ட விழிகளும் விரிந்த தாடியுமாக வீற்றிருக்கும் திருவுருவத்தின் முன் மூன்று ஊதுபத்திகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி மும்முறை குனிந்து வணங்கினேன். அப்போது என் மனம் அந்த மீனவரிடமே சென்றது. ஜாங் ஃபே கற்றோரை மதித்தவர். எளிய வீரர்களிடமோ கடுமை காட்டியவர். அவர்களைச் சாட்டையால் அடித்துவிட்டு அருகிலேயே வைத்துக்கொள்வது ஆபத்து என்று லியூ பெய் எச்சரித்தும் அவர் திருந்தவில்லை. அந்தக் கடுமையே அவர் உயிருக்கு உலையாயிற்று. அப்படிப்பட்டவரின் தலையை ஏந்தி அடக்கம் செய்தவர் பெயரே தெரியாத ஓர் எளியவர். அந்த நன்றிக்காகவே போலும், இத்துறையைக் கடக்கும் படகுகளுக்கு முப்பது லீ தொலைவுக்கு, அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு, அவர் சாதகக் காற்றை அருள்கிறார் என்று மக்கள் நம்பி வந்திருக்கிறார்கள். கோயிலில் 'காற்றுதவி மண்டபம்' என்றே ஒன்று இருக்கிறது. வாழ்ந்தபோது சிறியோருக்கு இரங்காதவர், மறைந்தபின் துடுப்புப் போடுபவர்களின் காவலராகியிருக்கிறார். இத்தலத்தின் மகிமையாக நான் கருதுவது இதையே.

அவருடைய வாழ்விலும் இரக்கம் தோன்றிய வேளை உண்டு. 214இல் சிறைப்பட்ட முதிய தளபதி யான் யான், "எங்கள் நாட்டில் தலை வெட்டுண்ட தளபதி உண்டு, சரணடைந்த தளபதி இல்லை" என்றார். வெட்டச் சொல்லி ஆணையிட்ட ஜாங் ஃபே, அவர் முகம் மாறாததைக் கண்டு வியந்து, விடுவித்து விருந்தினராகப் போற்றினார்.

கோயில் முதலில் இருந்த இடம் இதுவன்று. 1870ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரும்பகுதி அழிந்து மீண்டும் எழுந்த இக்கோயில், யாங்சியின் குறுக்கே கட்டப்பட்ட மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கத்தால் மூழ்கவிருந்தது. எனவே 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிரித்தெடுக்கப்பட்டு, ஆற்றின் மேல்நோக்கிச் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து மறுபடி கட்டப்பட்டது. பழைய யுன்யாங் நகரமும் நீரில் மூழ்கியது. அந்த மக்கள் மேட்டில் புதுநகர் அமைத்துக் குடியேறியபோது, பழையபடியே அவர்களுக்கு எதிர்க்கரையில் தங்கள் காவலரையும் குடியேற்றிக்கொண்டார்கள்.

உள்ளே கல்வெட்டுகளும் மரப்பலகை எழுத்துகளும் நிறைந்துள்ளன. நோயுற்று 765, 766ஆம் ஆண்டுகளில் இவ்வூரில் தங்கிய கவிஞர் து ஃபூவின் நினைவாகக் குயில் மண்டபமும் இருக்கிறது. நிதானமாகப் பார்க்க அரைநாளாவது ஒதுக்க வேண்டும். தலையை வணங்கியாயிற்று, இனி லாங்சோங் சென்று, ஜியாலிங் ஆற்றங்கரை நகரில் அவர் உடல் அடங்கிய சமாதியையும் வணங்கினால்தான் என் யாத்திரை முழுமை பெறும்.