லாஸ் பால்மாஸிலிருந்து புறப்பாடு

நவம்பர் 20, புதன்

கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் ஆர்க் பாய்மரப் படகுப் பேரணிக்காக வந்திருக்கிறோம். காலையில் பாதுகாப்புச் சோதனை. சோதிக்க வந்தவர் எங்கள் நால்வரையும் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டச் சொன்னார். தொடைப்பட்டை தளர்வாக இருந்தால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவிடும் என்று என் பட்டையை அவரே இழுத்து இறுக்கினார். அப்புறம் கேள்விகள். தீப்போர்வை எங்கே? சுக்கான் சக்கரம் வேலை செய்யாவிட்டால் மாற்றுக் கைப்பிடி எங்கே? பாய்மரம் முறிந்தால் அதைத் தாங்கும் கம்பிகளை எதைக்கொண்டு வெட்டுவீர்கள்? கேப்டன் வாயே திறக்கவில்லை, எங்களைத்தான் சொல்லவிட்டார். நல்ல ஏற்பாடு. விழுவது அவராகவும் இருக்கலாமே.

நவம்பர் 21, வியாழன்

நாள் முழுக்கச் சாமான் அடுக்கினோம். அட்டைப்பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக்கூடாது, அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். எல்லாவற்றையும் படகுத்துறையிலேயே பிரித்தோம். காய்கறி குளிரூட்டியில் வைக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒருமுறை குளிர்ந்தது வெளியே வந்தால் சீக்கிரம் அழுகும். தக்காளியில் பாதி பச்சையாக. பின்பக்கம் ஒரு முழு வாழைத்தார் தொங்குகிறது. படம் எடுக்க அழகுதான், ஆனால் மொத்தமும் ஒரே நாளில் பழுக்கும் என்று பக்கத்துப் படகுக்காரர் சிரிக்கிறார்.

எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதும் வேலை எனக்கு. இந்த 12 மீட்டர் படகில் எத்தனை பொந்துகள்!

நவம்பர் 23, சனி

நேற்று பேசிப் பேசியே போய்விட்டது. துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு: எவ்வளவு தெற்கே இறங்குவது? வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு என்பது இந்த வழியின் பழைய வழக்கு. நாங்கள் போய்ச் சேர வேண்டிய, கரீபியனில் செயின்ட் லூசியா தீவிலுள்ள ராட்னி பே சுமார் 2,700 கடல் மைல். நேர்க்கோட்டில் போனால் தூரம் குறைவு, காற்று நிச்சயமில்லை. சுற்றிப் போனால் வடகிழக்குத் தடக்காற்று கிடைக்கும். 1986 இல் ஜிம்மி கார்னெல் இந்த ஆர்க் பேரணியைத் தொடங்கியதிலிருந்தே இந்த விவாதம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கிளம்பிவிட்டோம். துறைமுக வாயிலில் கூட்டம், இசை, கொடிகள். தொடக்கக் கோட்டருகே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படகின் மூக்கு. மோதாமல் கடந்தாலே போதும் என்று கேப்டன் வேண்டுமென்றே பின்னால் நின்றார். முதல் நிமிடத்தில் முந்தி என்ன ஆகப்போகிறது, இது மூன்று வாரப் பயணம்.

தீவின் கிழக்குக் கரையோரம் காற்று திடீரென்று ஏறியது. மலை தடுப்பதால் அது பக்கவாட்டில் பிதுங்கிப் பாய்கிறது. பாயைச் சுருக்கினோம். தெற்கு முனை தாண்டியதும் மலையின் மறைவில் காற்றே இல்லை, பாய் தொங்கியது. இன்ஜின் போடலாம்தான். எங்கள் பிரிவில் தடையில்லை, ஆனால் ஓடிய மணிநேரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தண்டனை நேரம் கூட்டுவார்கள். காத்திருந்தோம்.

நவம்பர் 25, திங்கள்

வாந்தி. அதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று பிஸ்கட்டும் தண்ணீரும் வயிற்றில் தங்கின. இரவுக் காவல் ஆளுக்கு மூன்று மணி நேரம். எனக்கு 2 முதல் 5 வரை. படியேறி வெளியே வருமுன் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிவிட வேண்டும். இன்னொருவரை எழுப்பாமல் சுக்கான் இருக்கும் காக்பிட்டை விட்டு முன்னே போகக்கூடாது. இந்த இரண்டிலும் கேப்டன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். முதல் இரவு, சுற்றியுள்ள படகுகளைக் காட்டும் ஏஐஎஸ் திரை முழுக்க முக்கோணங்கள், ஒவ்வொன்றும் ஒரு படகு. இப்போது மூன்றே மூன்று.

காற்று பின்னாலிருந்து அடிப்பதால் படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கிறது. படுக்கையோரத் துணித்தடுப்பைக் கட்டாவிட்டால் தரையில்தான் தூக்கம். அதைவிடக் கொடுமை, எங்கோ ஒரு டப்பா டக், டக் என்று உருளும் சத்தம். நான் டார்ச்சோடு தேடினேன், கேப்டனின் மனைவி தேடினார், நோட்டில் பார்த்தும் பயனில்லை. கடைசியில் சந்தேகப்பட்ட ஒவ்வொரு பொந்திலும் துணிகளைத் திணித்துவிட்டோம். சத்தம் நின்றது. ஆனால் மாற்றுக்கு ஒரு சாக்ஸ்கூட மிச்சமில்லை.

வெண்ணெய் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் தெற்கே. சமைப்பது என் முறை.