நீல விளக்கும் ஐந்து நடையும்

மூன்று நாள் வேலை என்றுதான் சொன்னார்கள். ஐந்து முறை போய் வந்தேன். கற்றுக்கொண்ட பயத்தை மனசு எப்படி விடுகிறது என்று விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் வேறொரு இடத்துக்குள் இருப்பது போலக் காட்டும் கருவி) மாட்டிப் பார்க்கிற ஆய்வு அது. இந்த மாதிரி ஆய்வுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் நடை முழுக்க வீண். வலிப்பு, இதய நோய் என்று படிவத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டு அனுப்பியிருந்தேன். நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஆய்வு உதவியாளர் "கடைசியாக என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்று கேட்டார். முந்தைய இரவு சளிக்கு ஒன்று போட்டதைச் சொன்னேன், பேனாவை மூடிவிட்டார். பயத்தை அவர்கள் அளப்பது விரலில் ஊறும் வியர்வையை வைத்து; சில சளி மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடுமாம். காரணம் நியாயம்தான், ஆனால் அதைப் படிவத்திலேயே ஒரு வரி கேட்டிருந்தால் என் அரை நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது நடை கெட்டது என்னால். விரல்களில் வியர்வையை அளக்கும் எலக்ட்ரோடு ஒட்டி, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதற்கே திரையில் கோடு ஏறும். என் கோடு செத்த பாம்பு மாதிரி கிடந்தது. சுத்தமாகப் போகலாமே என்று சோப்பு போட்டுக் கழுவி அதன் மேல் சானிடைசரும் தடவியிருந்தேன், போதாததற்கு அறையில் ஏசி, கை ஐஸ் மாதிரி. இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். நீங்கள் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, சீக்கிரமே போய்க் கையைச் சூடாக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மூன்றாவது நடையில்தான் ஆய்வின் முதல் நாளே ஆரம்பித்தது. பயத்தைப் பழக்க மணிக்கட்டில் வயர் மாட்டி மின் ஷாக் கொடுப்பார்கள். முதலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, "தொந்தரவாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது, அந்த இடத்தில் சொல்லுங்கள்" என்பார்கள். அங்கே வீரம் காட்டாதீர்கள். நான் இன்னும் ஏற்றலாம் என்று இரண்டு முறை சொன்னேன், சொன்ன அளவிலேயே நிறுத்தி அன்று முழுக்க அதையே கொடுத்தார்கள். ஹெட்செட்டுக்குள் ஒரு அலுவலக அறை, மேசையில் விளக்கு. மஞ்சளாக எரிந்தால் ஒன்றுமில்லை. நீலமாக எரிந்தால் ஷாக், அதுவும் ஒவ்வொரு முறையும் இல்லை, எப்போது என்று கணிக்க முடியாமல். தலையைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் எலக்ட்ரோடு ஒட்டிய கை அசையக் கூடாது, இருமக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, ஏனென்றால் அதெல்லாமே திரையில் பயம் மாதிரியே தெரியும். பெருமூச்சு விடாமல் ஷாக்குக்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் வேறு அறை, புத்தக அலமாரிகளோடு. அதே விளக்கு, அதே நீலம், ஷாக் மட்டும் வரவே இல்லை. வராது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், வயர் மணிக்கட்டிலேயே இருக்கும். முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், கடைசியில் தூக்கமே வந்துவிட்டது. சரி, பயம் போய்விட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி அந்த அலுவலக அறை. நீலம் எரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கை தானாக இழுத்துக்கொண்டது. நேற்று பாடம் படித்த ஆளா இது என்று வெட்கமாகப் போய்விட்டது. ஆய்வைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்பு கேட்டால், உதவியாளர் முதல் முறையாகச் சிரித்தார். அவர்கள் பார்க்க நினைத்ததே அதைத்தானாம். அதை முன்கூட்டியே சொன்னால் ஆய்வு கெட்டுவிடும் என்பதால் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஓய்வு கொடுத்தால் அடங்கிய பழக்கம் திரும்புவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் அந்தக் காலத்திலேயே நாய்களிடம் பார்த்திருக்கிறார். ஒரு கூண்டில் பழகிய பயத்தை இன்னொரு கூண்டில் போக்கினாலும் முதல் கூண்டுக்குப் போனதும் அது திரும்பிவிடுகிறது என்று எலிகளிடம் காட்டியவர் உளவியல் ஆய்வாளர் மார்க் பௌட்டன். பழைய பயம் அழிவதில்லை, "இங்கே ஆபத்தில்லை" என்று புதிதாக ஒன்று சேர்கிறது, அதிலும் அந்த "இங்கே" அழுத்தமாக ஒட்டிக்கொள்கிறது. எலியைத் தூக்கி வேறு கூண்டில் போடலாம், வயர் மாட்டிய மனுஷனை அப்படித் தூக்க முடியுமா? நாற்காலியை விட்டு எழுப்பாமலே அறையை மாற்றத்தான் ஹெட்செட்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், இது சிகிச்சை இல்லை. எனக்கு உயரம் என்றால் ஆகாது, அதற்கும் ஏதாவது நடக்கும் என்ற நப்பாசையில்தான் போனேன். உயரப் பயத்துக்கு விஆர் சிகிச்சையைச் சோதித்து உளவியலாளர் பார்பரா ராத்பாமும் குழுவும் 1995-லேயே வெளியிட்டிருக்கிறார்கள், ஆனால் அது வேறு வேலை. நான் இன்றைக்கும் மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் போவதில்லை.

அப்புறம் பயணப்படி. ஆய்வு நடந்த மூன்று நாளுக்குத்தான் தருவோம், திருப்பி அனுப்பிய நாட்கள் கணக்கில் வராது என்றார் கணக்குப் பிரிவில் இருந்தவர். நேரம் குறித்து அவர்கள் அனுப்பிய செய்திகளை நான் அழிக்காமல் வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். இரண்டாவது நடைக்கான பணம் போன வாரம் வந்துவிட்டது. சளி மாத்திரை நாளுக்கு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.