அக்டோபர் மழைக்கு முந்த வேண்டும்

ஆகஸ்ட் கடைசியில் என் கஞ்சாச் செடிகளைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பாராட்டுவார்கள். அகன்ற கரும்பச்சை இலை, இடுப்பளவு உயரம், கிளை நுனியெல்லாம் பூ கொத்துக் கட்டத் தொடங்கியிருக்கும். எனக்கோ அப்போதுதான் கவலை தொடங்கும். விளைச்சல் வீட்டுக்கு வருமா, குப்பைக்குப் போகுமா என்பதை அடுத்த ஆறு வாரம்தான் முடிவு செய்யும்.

நான் இருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சன்ஷைன் கோஸ்ட் என்ற கடற்கரைப் பக்கம். வான்கூவரை ஒட்டிய ஹார்ஸ்ஷூ பேயில் ஃபெர்ரி ஏறினால் 40 நிமிடம். 2018 அக்டோபர் 17 அன்று நாடு முழுக்கக் கஞ்சா சட்டபூர்வமானது. இந்த மாகாணத்தில் 19 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். பொது இடத்திலிருந்து செடி கண்ணில் படக் கூடாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இதே காரியம் குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை ஒரு தோட்டக்காரனின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையின் கோடை ஏமாற்றக்கூடியது. வான்கூவர் விமான நிலையத்தில் ஜூலை மாதச் சராசரி மழை 40 மில்லிமீட்டர்கூட இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றித்தான் செடியைக் காப்பாற்ற வேண்டும். அதே இடத்தில் அக்டோபரில் 100 மில்லிமீட்டரைத் தாண்டும், நவம்பரில் 180ஐயும் தாண்டும். 49 பாகை வடக்கில் கோடைப் பகல் மிக நீளம் என்பதால், பகல் சுருங்கத் தொடங்கிய பிறகு, ஆகஸ்டில்தான் செடி பூக்க மனசு வைக்கும். பூ முற்றுவதும் மழை இறங்குவதும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். இங்கே வளர்ப்பவர்களின் தலைவலி முழுக்க இதுதான்.

அதிலும் இண்டிகா வகை இந்தக் கரைக்குப் பிறந்ததே அல்ல. இன்று விதைக் கடைகளில் இண்டிகா என்று விற்கும் குட்டையான, அகன்ற இலைச் செடியின் மூதாதைகள் ஆப்கானிஸ்தானிலும் இந்துகுஷ் மலைப்பக்கமும் வளர்ந்தவை. வறண்ட காற்று, சீக்கிரம் வரும் குளிர். அங்கே பூக்கொத்து கல் மாதிரி இறுகியிருந்தாலும் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த இறுக்கத்துக்குள் ஈரம் போனால் வெளியே வர வழியில்லை. மழையே வேண்டாம், செப்டம்பரில் கடலிலிருந்து ஏறும் மூடுபனியும் விடியற்காலைப் பனியும் போதும். விதை உறையில் ‘அடர்ந்து கனத்த பூ’ என்று பெருமையாக அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஈரக் கரையில் இருப்பவர்களுக்கு அதை ஓர் எச்சரிக்கையாக அல்லவா அச்சிட வேண்டும்?

அழுகலுக்குக் காரணம் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. ஸ்ட்ராபெரியையும் திராட்சையையும் அழுக்குகிற அதே ஆள். கஞ்சாச் செடியில் அது செய்யும் வேலையை இங்கேயுள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் பேராசிரியர் ஜமீர் புஞ்ஜா விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குளிர்ந்த, ஈரமான, காற்று அசையாத இடம் அதற்குப் பிடிக்கும். அது உள்ளிருந்து தொடங்கும் என்பதுதான் கொடுமை. வெளியே பூ அழகாக இருக்கும். கொத்தின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் காரணமில்லாமல் மஞ்சளாகும். அதைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு, அதன் மேல் சாம்பல் நிறப் பொடி. அந்த ஓர் இலையைத் தேடித்தான் செப்டம்பர் முழுக்கக் காலையில் காப்பிக்கு முன்னால் செடிகளைச் சுற்றி வருகிறேன். கண்டுவிட்டால், நல்ல பகுதி வரை சேர்த்து வெட்டி, பொடி பறக்காமல் பைக்குள் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கம்பளிப்புழு குடைந்த இடத்திலும் இதே அழுகல் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே புழுவின் எச்சம் கண்ணில் பட்டாலும் விடக் கூடாது.

காற்றோட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செடி வெளியே தெரியக் கூடாது என்பதால் எல்லாரும் உயரமான பலகை வேலி போடுகிறார்கள். அந்த வேலி பார்வையோடு காற்றையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. நான் வீட்டின் பின்பக்கம், தெருவே தெரியாத இடத்தில், பலகைகளைச் சாய்த்து இடைவெளி விட்டு அடித்தேன். காலை வெயில் முதலில் விழும் கிழக்கு மூலை அது. பனி சீக்கிரம் உலரும். மேலே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு, நான்கு பக்கமும் திறப்பு. மூடிய பசுமைக்குடிலைவிட இந்தத் திறந்த கூரைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் குடிலுக்குள் இரவில் ஈரம் தேங்கிவிடும். செடிக்குள்ளும் வழி வேண்டும்: நடுவில் நிழலில் கிடக்கும் இலைகளையும் குச்சிக் கிளைகளையும் ஆகஸ்டிலேயே கழித்துவிடுவேன்.

விதை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. எடையைப் பார்க்காதீர்கள், முற்றும் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் கடைசிக்குள் முடிகிற வகை, அக்டோபர் நடுவில் இரட்டிப்பாகக் கொடுக்கிற வகையைவிட இங்கே மேல். டொஃபினோ மாதிரி, திறந்த பசிபிக் கடலைப் பார்த்த வெளிக் கரையில், ஆகஸ்டிலேயே மூடுபனி இறங்குகிற ஊர்களில் இருப்பவர்களுக்கு அதுவும் போதாது. பகல் நீளத்தைப் பாராமல் வயதானதும் தானே பூக்கும் ரூடராலிஸ் கலப்பு வகைதான் சரி. விளைச்சல் குறைவு, ஆனால் கோடை வெயிலிலேயே வேலை முடியும். ஒலிம்பிக் மலைகளின் மழை மறைவில் இருக்கும் விக்டோரியா நகரத்துக்காரர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம்.

வானிலை அறிக்கையில் தொடர்ந்து நாலைந்து நாள் மழை தெரிந்தால், பூ முழுதாக முற்றாவிட்டாலும் வெட்டிவிடுவேன். வெட்டியதை ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் மெல்லிய காற்றும் உள்ள இருட்டு அறையில் தொங்கவிட வேண்டும். இந்த ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவைக்க முடியாது. பூஞ்சை பிடித்த எதையும், துளியாக இருந்தாலும், நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை, யாருக்கும் கொடுப்பதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நுரையீரலையே பாதிக்கும்.

அடுத்த வருடம் நான்கில் இரண்டு தொட்டிகளில் சீக்கிரம் முற்றும் வகையும், இரண்டில் தளர்வாகக் கொத்துக் கட்டும் கலப்பு வகையும் போடுவதாக இருக்கிறேன். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே காற்றில். எது தாங்குகிறது என்று செப்டம்பரில் எழுதுகிறேன்.