நிழலில் எடுத்த படம்

"நிழல்ல எடுத்த படத்தை அனுப்புங்க. அதுல மூக்கு நல்லா தெரியுது" என்றார் மேனேஜர். சுட்ட சிங்கத்தின் படங்களில் அதில்தான் மூக்கு தெரியவே இல்லை.

தான்சானியாவின் செலூஸ் காட்டில் ஒரு வேட்டை பிளாக்கை, அதாவது வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வேட்டையாடும் பகுதியை, குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியில் கணக்கும் பேப்பர் வேலையும் என் பொறுப்பு. அங்கே ஆறு வயது நிரம்பாத ஆண் சிங்கத்தைச் சுட்டால், அடுத்த வருடம் எத்தனை சிங்கம் சுடலாம் என்ற ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பு, வயது ஏற ஏறக் கறுக்கும். வெயிலில் எடுத்த இன்னொரு படத்தில், கனியத் தொடங்கிய வாழைப்பழத் தோல்போல அங்கங்கே புள்ளிகள்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு வயது, மிஞ்சினால் ஐந்து.

நிழலில் எடுத்த படத்தையே அதிகாரிகளுக்கு அனுப்பினேன்.

நான் பொய் எழுதவில்லை. படிவத்தின் வயதுக் கட்டத்தில் ஆறு என்று போட்டது வேட்டைக்காரர். மண்டையோடும் பல்லும் எப்படியும் அதிகாரிகள் கைக்குப் போகும், அவர்கள் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் தடம் பார்க்கும் பெரியவர், நாங்கள் 'ம்ஸே' என்று கூப்பிடுகிறவர், அந்த ஆணின் கூட்டத்தில் குட்டிகள் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். தகப்பன் போனால் புது ஆண் வரும், வந்ததும் குட்டிகளைக் கொல்லும். ஆறு வயது என்று விதி வைத்ததே அதற்குள் ஒரு ஈடு குட்டிகளாவது வளர்ந்துவிடட்டும் என்றுதான். அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மேனேஜர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "நாம போனா இங்க மாடும் கரி மூட்டையும்தான் வரும்." 2016-ல் அமெரிக்கா, வேட்டையாடிய சிங்கத் தலைகளைத் தன் நாட்டுக்குள் விடுவதை இறுக்கியது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். சிங்கம் இல்லாமல் 21 நாள் சஃபாரியை யார் வாங்குவார்கள்? கம்பெனி பிளாக்கைத் திருப்பிக் கொடுத்தது. ரோந்து வண்டி நின்றது, பாதையில் புல் மூடியது. மறு வருடமே மாடுகள் வந்துவிட்டன என்று ம்ஸே போனில் சொன்னார். அப்போது எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. மேனேஜர் சொன்னதுதானே நடந்தது, நான் செய்தது சரிதானே என்று.

ஆனால் வெயில் படத்தை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒதுக்கீட்டில் ஒரு சிங்கம் குறைந்திருக்கும். ஒன்றே ஒன்று. அதற்காகக் கம்பெனி மூடியிருக்காது. கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று அந்தக் கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை.